வலது நுரையீரலில் ஒரு பழைய தழும்பு

6 ஆகஸ்ட் 2025, புதன்
செந்தூல், கோலாலம்பூர்

ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பம் போட்டு நான்கு வாரம் ஆகிறது. இன்று காலை ஆஸ்திரேலியக் குடியேற்றத் துறையின் இணையக் கணக்கான இமி அக்கவுண்ட்டைத் திறந்தால், நான்கு பேருக்கும் மருத்துவப் பரிசோதனைக் கடிதம் வந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு ஹேப் எண், அதாவது மருத்துவப் பரிசோதனைக்கான அடையாள எண். அந்த எண்ணைச் சொல்லித்தான் கிளினிக்கில் நாள் குறிக்க வேண்டும்.

கடிதத்தில் எல்லாம் எண்கள். 501 உடல் பரிசோதனை, 502 நெஞ்சு எக்ஸ்ரே, 707 எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இந்த மூன்றோடு சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையும் உண்டு. பெரியவனுக்கு 13 வயது, அவனுக்கு உடல் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் போதும். சின்னவளுக்கு 9. பதினொரு வயதுக்குக் கீழே எக்ஸ்ரே எடுப்பதில்லை. காசநோய்க் கிருமி உடம்பில் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். காசநோய் அதிகமுள்ள நாடுகளில் மலேசியாவையும் சேர்த்திருப்பதால் இது.

எங்களைப் பல வருடமாகப் பார்க்கும் டாக்டரிடமே போய்விடலாம் என்று அவர் சொன்னார். முடியாது. ஆஸ்திரேலிய அரசு அங்கீகரித்த டாக்டரிடம் மட்டுமே போக வேண்டும். கட்டணத்தை அந்த அரசு நிர்ணயிப்பதில்லை, கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். மூன்று இடத்தில் விசாரித்துவிட்டு அடுத்த வியாழக்கிழமைக்குச் சொல்லி வைத்தேன். மாதவிலக்கு நாளா என்று அந்தப் பெண் கேட்டது நல்லதாகப் போயிற்று. சிறுநீரில் ரத்தம் கலந்தால் மறுபடி வரவேண்டியிருக்குமாம்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலில் ஒரு அக்காவைப் பார்த்தேன். அவர் மகன் குடும்பம் போன வருடம் பெர்த் போய்விட்டது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. சுகர், பிரஷர் எல்லாம் நீயா போய்ச் சொல்லாதே" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற ஆளுக்கு அதற்காகவே விசா கிடைக்காமல் போவதில்லை. அந்த நோய்க்கு அவர்கள் நாட்டில் எவ்வளவு செலவாகும் என்றுதான் கணக்குப் பார்க்கிறார்கள். அந்த வரம்பு இப்போது 86,000 ஆஸ்திரேலிய வெள்ளி (டாலர்). 2024 ஜூலைக்கு முன் 51,000ஆக இருந்தது. மறைத்தது பின்னால் தெரியவந்தால், நோயை விடப் பொய்தான் பெரிய தலைவலி.

எனக்குப் பயம் வேறு. வீட்டில் ஒருவர் தேறவில்லை என்றால் நான்கு பேருக்கும் விசா இல்லை.

14 ஆகஸ்ட், வியாழன்

காலை ஏழரைக்கே கிளம்பிவிட்டோம். ஜாலான் ஈப்போவில் நெரிசல், மழை வேறு. கிளினிக்கில் முதலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, அங்கேயே ஒவ்வொருவரையும் படம் எடுத்தார்கள். ஆள் மாறாட்டம் நடக்கக் கூடாதே.

உயரம், எடை, ரத்த அழுத்தம், கண்ணாடியோடும் இல்லாமலும் கண் பார்வை. அப்புறம் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சின்னவள் ஊசியைப் பார்த்து அழுவாள் என்று நினைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து எண்ணினாள். பதினேழு வருவதற்குள் முடிந்துவிட்டது. தோளில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசித் தழும்பு இருக்கிறதே, அது பரிசோதனையைக் குழப்பாதா என்று கேட்டேன். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பழைய முறையைத்தான் அது குழப்பும், இந்த ரத்தப் பரிசோதனையை ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர்.

கேள்விப் படிவத்தை ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் தங்கியதுண்டா, அறுவை சிகிச்சை உண்டா, காசநோய் வந்ததுண்டா, வீட்டில் யாருக்காவது வந்ததுண்டா. அவர் காசநோய்க்கு "இல்லை" என்றார். சின்ன வயதில் இளைப்பு (ஆஸ்துமா) இருந்ததை மட்டும் சொன்னார். கையெழுத்துப் போட்டோம்.

முடிந்ததும் "எங்களுக்குக் கிடைச்சிடுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். முடிவு தன் கையில் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். இவர் கண்டதை எழுதிக் கணினி வழியாக அனுப்புகிறார். குறை எதுவும் இல்லாத அறிக்கை பெரும்பாலும் அப்படியே தேறிவிடும். ஏதாவது தென்பட்டால் அங்கே அரசு மருத்துவ அதிகாரி பார்த்து முடிவெடுப்பார்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கிளினிக்கிலிருந்து அழைப்பு. எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை. அவருடைய எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் ஏதோ தெரிகிறதாம். பழைய தழும்பு மாதிரி இருக்கிறது, ஆனால் படத்தை மட்டும் வைத்துப் பழையது என்று முடிவுகட்ட முடியாது, சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார்கள். இதற்கு முன் எடுத்த எக்ஸ்ரே இருந்தால் கொண்டு வரச் சொன்னார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாறியிருக்கிறதா என்று தெரியுமாம்.

அவருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. மாலையில் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பிள்ளைங்களுக்கு ஒன்னும் இல்லல்ல?" என்று மட்டும் கேட்டார்.

20 ஆகஸ்ட், புதன்

இரவு அத்தையிடம், அவருடைய அம்மாவிடம், சொன்னோம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது இளைப்பு இல்லப்பா" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அப்போது பத்து வயது. கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் லயத்து வீடு, தொழிலாளர்களின் வரிசை வீடு. முதலில் மாமாவுக்கு இருமல், பிறகு இவருக்கு. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் இரண்டு பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். தினமும் பள்ளிக்கூடம் போகும் முன்னால் டிரசர் ஊசி போட்டு, தன் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வைத்து அனுப்புவார். இரண்டு மாதத்தில் ஊசியை நிறுத்திவிட்டார்கள், மாத்திரை அதற்கப்புறமும் நாலு மாதம். "ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு கலர்ல போகும். ரத்தம்னு நெனச்சு நான் அழுதேன். மாத்திரைச் சாயம்னு டிரசர்தான் தைரியம் சொன்னாரு."

ஒரு நாள்கூட விடவில்லையாம். இதை மூன்று தடவை சொன்னார்.

லயத்தில் தெரிந்ததும் பக்கத்து வீட்டார் தண்ணீர்க் குழாயில் இவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அத்தையே பிள்ளைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறார். சொல்லும்போது அழுதுவிட்டார். பிறகு தோட்டம் மாறிப் போனபோது மாமா, இனி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது, பெண் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அது இளைப்பு ஆகிவிட்டது. மாமா போய்ச் சேர்ந்த பிறகும் அத்தை அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்.

இவர் அம்மா காலடியில் தரையில் உட்கார்ந்து, "தட்டு தனியா இருந்தது ஞாபகம் இருக்கு. எனக்குன்னு ஸ்பெஷலா வாங்குனதுன்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

இதை எழுதும்போது மணி ஒன்று. காசநோய் காற்றில் பரவுவது, தட்டிலும் டம்ளரிலும் பரவாது. நம் சென்னையிலேயே 1956இல் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கி, வீட்டில் வைத்து மருந்து கொடுத்தவர்களையும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்துக் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள். மருந்து சாப்பிட்டால் வீட்டில் மற்றவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்றும் தெரிந்தது. அது தெரிந்து முப்பது வருடம் கழித்தும் ஒரு தாய் தன் பிள்ளையின் தட்டைப் பிரித்து வைத்திருக்கிறாள். அவளிடம் வந்து யாரும் சொல்லவில்லையே என்று மனம் ஆறவில்லை.

22 ஆகஸ்ட், வெள்ளி

இல்லை என்று கையெழுத்துப் போட்டது இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. கோயிலில் பார்த்த அக்கா சொன்ன மாதிரி பேசாமல் இருந்திருந்தால்? எனக்கு அந்தத் தைரியம் கிடையாது, அது தைரியம் என்றும் நான் நினைக்கவில்லை. இருவரும் கிளினிக்குக்குப் போனோம். இப்போதுதான் தெரியவந்தது என்று எழுதிக் கொடுத்தோம்.

டாக்டர் கோபப்படவில்லை. ஆரஞ்சு நிறம் என்றதுமே நிமிர்ந்தார். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் அடையாளம். ஊசி பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசினாக இருக்கும் என்றார். இரண்டும் நாலும் ஆறு மாதம், அந்தக் கணக்கும் சரியாக வருகிறது. முழுச் சிகிச்சை முடித்த வரலாறு அறிக்கையில் இருப்பது நல்லதுதான், சொல்லாமல் விட்டிருந்தால் இந்தத் தழும்புக்குக் காரணமே தெரியாமல் இருந்திருக்கும் என்றார். அத்தையின் நினைவுதான் இப்போது எங்கள் கையில் இருக்கும் ஒரே மருத்துவச் சான்று.

இன்னொன்றும் சொன்னார். ஆஸ்திரேலியக் குடியேற்றச் சட்டத்தில் பெயர் சொல்லித் தடுக்கப்படும் ஒரே நோய் காசநோய். அதுவும் நோய் இப்போது உயிரோடு இருந்தால்தான். குணமானவரைத் தடுப்பதில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

சளிப் பரிசோதனை முதல் நாள். தொடர்ந்து மூன்று நாள் காலையில் கொடுக்க வேண்டும். எதுவும் சாப்பிடாமல், வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். தனி அறை, முகக்கவசம் போட்ட தாதி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எச்சில் போதாது, அடி நெஞ்சிலிருந்து வர வேண்டும். சளியே இல்லாத மனிதர் எங்கிருந்து கொண்டு வருவார்? நெபுலைசர் வைத்து உப்பு நீராவி பிடித்த பிறகுதான் கொஞ்சம் வந்தது.

27 ஆகஸ்ட், புதன்

மூன்றும் கொடுத்தாயிற்று. வெளியே வந்ததும் மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் அவர் மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டார்.

3 செப்டம்பர், புதன்

நுண்ணோக்கியில் பார்த்ததில் கிருமி இல்லை, மூன்றிலும். ஆனால் இது முதல் படிதான். சளியைக் கிருமி வளரும் ஊடகத்தில் வைத்து, ஏதாவது முளைக்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளரும் சாதி. எட்டு வாரம் வரை ஆகும். அவசரப்படுத்த யாராலும் முடியாது.

21 செப்டம்பர், ஞாயிறு

பழைய தோட்டத்துக்குப் போனோம். அத்தைதான் வழி சொன்னார். லயம் இல்லை, ரப்பரும் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. டிரசர் இருந்த கட்டடத்தின் சிமெண்டுப் படி மட்டும் புல்லுக்குள் கிடந்தது. காகிதம் எதுவும் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகவில்லை. அவர் அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. நாத்தனார் குடும்பம் ரவாங்கிலிருந்து வந்திருந்தது. நாங்கள் போனால் அத்தை அவர்களோடுதான் இருக்கப் போகிறார். சாப்பிட்ட பிறகு இவர், தானே பேச்செடுத்துத் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னார். அப்பாவுக்கும் இருந்தது என்பதால் நீயும் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள் என்றார். நாத்தனார் முதலில் வாசல் பக்கம் பார்த்தார், யாராவது கேட்டுவிடுவார்களோ என்று. "கேக்கட்டும்" என்றார் அத்தை.

24 அக்டோபர், வெள்ளி

ஒன்றும் முளைக்கவில்லை. மூன்றிலும் இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டுப் பள்ளிக் கழிவறையில் போய் அழுதேன்.

12 நவம்பர், புதன்

815 என்ற படிவத்தை அனுப்பியிருக்கிறார்கள். அவர் பெயருக்கு மட்டும். அங்கே போன பிறகு மருத்துவக் கண்காணிப்புக்கு உட்படுவேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. இறங்கிய 28 நாளுக்குள் அவர்களைத் தொடர்புகொள்ள வேண்டும், அவர்கள் சொல்லும் காசநோய் கிளினிக்கில் போய்க் காட்ட வேண்டும். இதனால் விசாவுக்குக் குறைவில்லை. பழைய தழும்பு இருப்பவர்களிடம் வழக்கமாகக் கேட்பதுதான்.

கையெழுத்துப் போடும் முன் அத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். 28 நாள் என்ற இடத்தில் நிறுத்தினார்.

"ஏறுற நாள்லேருந்தா, எறங்குற நாள்லேருந்தா?"

"இறங்குற நாள்லேருந்து அத்தை."

சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றி எடுத்து வந்தார். விமான டிக்கெட்டே இன்னும் எடுக்கவில்லை என்றேன். அதனாலென்ன, எடுத்ததும் தேதியைச் சொல், நான் இங்கிருந்து எண்ணிக்கொண்டு வருவேன், இருபதாம் நாள் போன் போட்டுக் கேட்பேன் என்றார்.