பொக்காளி விதை தனியாக வராது

கடலோர வயல்களில் உப்பு ஏறுகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம், உப்பைத் தாங்கும் நெல் ரகம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும் என்ற எண்ணமும் கூடவே எழுகிறது. நான் கொச்சியில் வேலை பார்ப்பதால், இங்கு விளையும் பொக்காளி நெல்லில் கொஞ்சம் விதை வாங்கி அனுப்ப முடியுமா என்று வேதாரண்யம் பக்கத்துச் சித்தப்பா ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். விதை வாங்குவது பெரிய காரியமில்லை. ஆனால் கொச்சியை அடுத்த கடமக்குடி, ஏழிக்கரை ஊர்களின் பொக்காளி வயல்களைப் பார்த்த பிறகு, உப்பைச் சமாளிப்பதில் பாதி வேலையைத்தான் அந்த விதை செய்கிறது, மீதிப் பாதி உழவர் கையில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எறணாகுளம், திருச்சூர், ஆலப்புழை மாவட்டங்களின் கடலோரத் தாழ்நிலங்களில் இருக்கும் இந்த வயல்களுக்குள் காயல் வழியாகக் கடல் ஓதம் நாள்தோறும் ஏறி இறங்குகிறது. கோடையில் தண்ணீர் உவர்த்துக் கிடக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஆறுகளின் வெள்ளம் அதை நன்னீராக்கிவிடும். நெல்லுக்குக் கிடைப்பது அந்த இடைவெளி மட்டுமே. சித்திரையில் ஓதம் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்து தண்ணீரை வடித்து, வயலின் சேற்று மண்ணை ஏறத்தாழ அரை மீட்டர் உயரமுள்ள சிறுசிறு மேடுகளாகக் கூட்டி வைக்கிறார்கள். ஜூன் மாத மழை இந்த மேடுகளின் மேல் விழுந்து உப்பைக் கழுவிக் கீழே இறக்குகிறது. அந்த உப்புத் தண்ணீர் அடுத்த வற்றத்தில், அதாவது ஓதம் இறங்கும்போது, மதகு வழியாக வெளியேறிவிடும். வயல் முழுவதிலும் உப்பு நீங்கும்வரை அவர்கள் காத்திருப்பதில்லை. மேட்டின் உச்சி தெளிந்தால் அங்கேயே விதைத்துவிடுகிறார்கள். நாற்று முழங்கால் உயரம் வந்ததும் மேட்டை மண்வெட்டியால் துண்டுகளாக வெட்டி, நாற்றும் மண்ணுமாகச் சுற்றிலும் பரப்பிவிடுகிறார்கள். நாற்றைப் பறிக்க வேண்டியதில்லை என்பதால் வேருக்கும் அதிர்ச்சி குறைவு.

என்னை அதிகம் வியக்கவைத்தது விதைக்கூடைதான். தென்னங்கீற்றால் பின்னிய கூடைக்குள் வாழையிலையோ தேக்கிலையோ பரப்பி, விதைநெல்லை இறுக அடைத்து, நன்னீர்க் குளத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து மணி நேரம் அமிழ்த்தி வைத்து, பிறகு எடுத்து நிழலில் வைத்துவிடுவார்கள். உள்ளே விதை முளை காட்டிய நிலையில் அப்படியே அடங்கிவிடுகிறது. ஒரு மாதம் வரைகூடக் கெடாமல் இருக்கும். மழை பெய்து மேடு தயாரானதும் கூடையைப் பிரித்து, விதையைச் சில மணி நேரம் மீண்டும் ஊறவைத்துத் தூவினால் முளை உடனே எழுந்துவிடும். பருவமழை எந்தத் தேதியில் வரும் என்று அடித்துச் சொல்ல முடியாத இந்தக் காலத்தில், மழை தாமதித்தாலும் விதை வீணாகாமல் காக்கும் இந்த ஏற்பாட்டை எந்தக் கருத்தரங்கிலும் பெரிதாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இந்தப் பயிர் ஆளுயரத்தையும் தாண்டி வளரக்கூடியது. முற்றியதும் தாள் தண்ணீரில் சாய்ந்து, கதிர் மட்டும் மேலே நிமிர்ந்து நிற்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பெண்கள் கதிரை மட்டும் அறுத்தெடுக்கிறார்கள். எஞ்சிய தாள் வயலிலேயே அழுகி, நவம்பர் நடுவில் தொடங்கும் இறால் பருவத்துக்குத் தீனிக்கு வழிசெய்கிறது. ஓதத்தோடு வரும் இறால் குஞ்சுகளை உள்ளே விட்டு, இரவில் மதகருகே விளக்குத் தொங்கவிட்டு ஈர்த்து, ஏப்ரல் வரை வற்றத்தில் வலை கட்டிப் பிடிக்கிறார்கள். இறாலின் கழிவும் அழுகிய தாளும் அடுத்த நெல்லுக்கு உரமாகின்றன. உரமூட்டை இந்த வயல்களுக்கு வருவதில்லை.

ஆராய்ச்சியாளர்களுக்குப் பொக்காளி புதிதல்ல. கொச்சிக்காரர்களுக்குப் போக்குவரத்து நெரிசலால் மட்டுமே நினைவுக்கு வரும் வைற்றிலாவில், கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இந்த நெல்லிலிருந்து பல ரகங்களை உருவாக்கியிருக்கிறது. நெல்லின் முதல் குரோமோசோமில் உள்ள ‘சால்டால்’ என்ற உப்புத் தாங்கும் மரபணுப் பகுதி பொக்காளியில்தான் அடையாளம் காணப்பட்டது. பல நாடுகளின் நெல் ரகங்களில் இன்று அதைச் சேர்க்கிறார்கள். அது நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மரபணு உலகெங்கும் பயணிக்கும் அதே காலத்தில், அது பிறந்த வயல்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. இறாலில் பணம் அதிகம் என்பதால் ஆண்டு முழுவதும் உப்புத் தண்ணீரை நிறுத்தி வைக்கவே பலர் விரும்புகிறார்கள். சுற்றிலும் உள்ளவர்கள் தண்ணீரை வடிக்காமல் ஒருவர் மட்டும் நெல் போட முடியாது. சேற்றில் இறங்க ஆளும் கிடைப்பதில்லை. புவிசார் குறியீடு கிடைத்தும் இந்த நிலை மாறவில்லை. அரிசிக்குப் பெயர் கிடைத்தது, வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை.

சித்தப்பாவின் வயலுக்கு வருகிறேன். அங்கே பெருமழை ஜூனில் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் உப்பு இறங்கும். ஆகவே இங்குள்ள கால அட்டவணை அங்கே செல்லாது. மேலும், உவர் நிலத்துக்கென்றே குழியடிச்சான் என்ற நெல் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை வைத்திருக்கும் உழவர்களிடம் முதலில் விசாரிக்கும்படியும், அவர்கள் எப்போது விதைக்கிறார்கள், முதல் மழைத் தண்ணீரைத் தேக்குகிறார்களா வடிக்கிறார்களா என்று கேட்டு வரும்படியும் அவரிடம் சொன்னேன். பிறகு, அவருடைய வயலில் இறங்கும் உப்புத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று கேட்டேன். வடிவாய்க்கால் தூர்ந்து பல காலம் ஆயிற்று, அதன் கடைசிப் பகுதியில் யாரோ இறால் பண்ணைக்குக் கரை போட்டுவிட்டார்கள் என்றார்.