புது இனம் என்று எழுதுவதற்கு முன்

சின்ன அந்துப்பூச்சிகளை வகைப்படுத்துவது என் வேலை என்று சொன்னால், "புதுசா எத்தனை கண்டுபிடிச்சிருக்கீங்க?" என்று உடனே கேட்பார்கள். கண்டுபிடிப்பது அப்படியொன்றும் பெரிய காரியம் இல்லை. இரவில் வெள்ளைத் துணி கட்டி புறஊதா விளக்கு வைத்தால், வந்து உட்காரும் கூட்டத்தில் எனக்குப் பெயர் தெரியாத பூச்சி எப்போதும் நாலைந்து இருக்கும். எனக்குப் பெயர் தெரியாதது வேறு, யாருமே பெயர் வைக்காதது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போய்ச் சேருவதற்குத்தான் சம்பளம்.

இறக்கையை நம்ப முடியாது. ஐந்தாறு மில்லிமீட்டர் இறக்கையில் தெரியும் நிறமெல்லாம் செதில்தான். கொஞ்ச நாள் பறந்தாலே பாதி உதிர்ந்துவிடும். ஒரே இனத்தில் ஒன்று கருத்திருக்கும், இன்னொன்று வெளுத்திருக்கும். அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வேறு வேறு இனமாக இருக்கும். அதனால் வயிற்றைக் கழற்றி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டுச் சூடாக்குவோம். தசையும் கொழுப்பும் கரைந்துபோய், கைட்டினால் ஆன கெட்டிப் பாகங்கள் மட்டும் மிஞ்சும். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தபடி மெல்லிய தூரிகையால் செதில்களைத் தள்ளி, இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து, சாயம் ஏற்றி ஸ்லைடில் வைப்போம். ஆணுக்கு, பெண்ணைப் பற்றிக்கொள்ள இரண்டு பக்கமும் இருக்கும் வால்வா, மேலே வளைந்து நிற்கும் அன்கஸ். பெண்ணுக்கு, விந்தை வாங்கிக்கொள்ளும் பையின் உட்சுவரில் முள்ளாகவோ தகடாகவோ இருக்கும் சிக்னம். இனத்தைப் பிரித்துச் சொல்வதற்குப் பெரும்பாலும் இவைதான் கைகொடுக்கும்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. கவர் கிளாஸ் வைத்து அழுத்தியதும் வால்வா விரியும் கோணம் மாறிவிடும்; கோணம் மாறினால் வடிவமே வேறு மாதிரி தெரியும். அதனால் ஸ்லைடில் ஒட்டுவதற்கு முன், திரவத்தில் கிடக்கும்போதே திருப்பித் திருப்பிப் படம் எடுத்துவிடுவேன். கையால் வரைவதையும் விடவில்லை. புகைப்படத்தில் அழுக்கும் மடிப்பும்கூடச் சேர்ந்தே வரும். வரைய உட்கார்ந்தால் எது மடிப்பு, எது உறுப்பின் விளிம்பு என்று நான் முடிவு செய்தாக வேண்டும்.

சரி, பிரித்துப் பார்த்தாயிற்று. எதனோடு ஒப்பிடுவது? இங்கேதான் எட்வர்ட் மெய்ரிக் வருகிறார். 1854 முதல் 1938 வரை வாழ்ந்த ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர். உலகெங்கிலுமிருந்து அனுப்பப்பட்ட சிறு அந்துப்பூச்சிகளில் 14,000-க்கும் மேற்பட்டவற்றுக்குப் பெயர் வைத்தவர். இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்க்கும் வழக்கமே அவரிடம் இல்லை. இறக்கை நரம்புகளையும் நிறத்தையும் வைத்துச் சில வரிகளில் எழுதிவிடுவார், பெரும்பாலும் படம் கிடையாது. "மங்கிய பழுப்பு, நடுவில் கரும்புள்ளி" என்ற வகையில் இருக்கும் விவரிப்பு, ஒரு பேரினத்தில் பாதிக்குப் பொருந்தும். அவர் காலத்தில், அவர் பெட்டியில் இருந்தவற்றிலிருந்து பிரித்துக் காட்ட அது போதுமானதாக இருந்திருக்கும். என் மேசையில் இருப்பது அவர் பார்க்காத பூச்சி. அவர் சேகரிப்பு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனபின், கேட்ஸ் கிளார்க் என்ற அமெரிக்கர் அதிலிருந்த வகைமாதிரிகளில், அதாவது பெயர் வைக்கும்போது ஆதாரமாகக் கொண்ட பூச்சிகளில், பலவற்றைப் பிரித்துப் படமெடுத்து 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். எங்கள் துறையில் அதைவிட நன்றிக்குரிய வேலை குறைவு. அதிலும் இல்லாவிட்டால் அருங்காட்சியகத்துக்கு எழுதி, மூல மாதிரியின் படம் கேட்டுக் காத்திருக்க வேண்டும். பழைய பெயர் ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதற்குத்தான் முன்னுரிமை. நாம் வைத்தது மறுபெயராகிப் பட்டியலில் தங்கிவிடும்.

டி.என்.ஏ. வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலைக் கழற்றி அனுப்பினால், சி.ஓ.ஐ. மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட துண்டு கிடைக்கும். கடைப் பொருளின் பார்கோடு போல அந்தத் துண்டை வைத்தே இனத்தை அடையாளம் காண, 2003-ல் முன்வைக்கப்பட்ட முறை அது. ஆணையும் பெண்ணையும் இணைக்க, இலைக்குள் சுரங்கம் போடும் புழு எந்தப் பூச்சியாகும் என்று அறிய, அதுபோல் உதவி வேறில்லை. ஆனால் தரவுத்தளத்தில் பொருத்தம் இல்லையென்றால், யாரும் அதை வரிசைப்படுத்தவில்லை என்றுதான் பொருள். நூறு வருடத்துக்கு முன்பே பெயர் வாங்கி ஏதோ பெட்டியில் ஊசியில் இருக்கலாம். அவ்வளவு பழைய மாதிரியில் டி.என்.ஏ. சிதைந்திருக்கும், முழு நீளம் கிடைப்பது அரிது.

மெய்ரிக்கோடு மல்லுக்கட்டிய பிறகு நான் எழுதும் விதமே மாறிவிட்டது. நான் பார்த்திராத ஒரு பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் என் கட்டுரையைத் திறப்பார் என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன். நெருங்கிய உறவினத்தோடு வேறுபாடு இல்லாத உறுப்பையும் விடாமல் எழுதுவேன், ஏனென்றால் அவர் பூச்சி வேறுபடுவது அங்கேதான் இருக்கலாம். பெண் கிடைக்கவில்லை, புழுவின் உணவுச்செடி தெரியவில்லை என்பதையும் தனி வரியாகப் போடுவேன். விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்படி ஹோலோடைப் எது, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி எது, அது எங்கே வைக்கப்படுகிறது என்பதும் கட்டாயம். ஒரே ஒரு மாதிரியை வைத்து இனம் அறிவிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. காத்திருந்தால் காடே போய்விடும் என்று வாதிடும் சக ஊழியர்களை முழுக்க மறுக்கவும் முடியவில்லை. இரண்டாவது ஆண் கிடைக்கும்வரை பொறுக்கிறேன்.

பெயர் வைப்பது கடைசி அரைமணி வேலை. தன் பெயரையே வைப்பதற்கு விதியில் தடையில்லை, ஆனால் யாரும் வைக்கமாட்டார்கள். 2017-ல் தலையில் மஞ்சள் கலந்த வெண்செதில்கள் கொண்ட ஒரு சிறு அந்துப்பூச்சிக்கு டொனால்ட் ட்ரம்ப் பெயரை வைத்தார்கள். செய்தி உலகம் முழுக்கப் போனது. அதன் வால்வாவைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதியதாக நினைவில்லை.

கட்டுரை வந்தபின் அங்கங்கிருந்து கைபேசிப் படங்கள் வரும்: "இது நீங்கள் எழுதியதுதானே?" படத்தை வைத்துச் சொல்ல முடியாது, வயிற்றைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று பதில் போடுவேன். பெரும்பாலும் அதோடு கடிதப் போக்குவரத்து நின்றுவிடும். அப்புறம் எப்போதாவது ஒருவர், இரண்டு வாரம் கழித்து, கொஞ்சம் கோணலாக ஒட்டிய ஸ்லைடின் படம் அனுப்புவார். அதற்கு அன்றே பதில் எழுதிவிடுவேன்.