பழைய சீட்டு, புது கிட்னி ரிப்போர்ட்

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வருபவர்களில் பாதிப் பேர் நீட்டுவது பழைய சீட்டைத்தான். மடிப்பு கிழிந்து டேப் ஒட்டிய ஒரு சீட்டோடு வந்த பெரியவர், "இதுலயே ஒரு மாசத்துக்குக் குடுங்க தம்பி, இப்பல்லாம் சுகர் தானாவே இறங்கிடுது" என்றார் சந்தோஷமாக.

அந்த 'தானாவே'தான் எனக்கு உறுத்தியது. சாப்பாடும் நடையும் மாறாமல் சர்க்கரை இறங்கினால் கிட்னியையும் பார்த்தாக வேண்டும். இன்சுலினில் ஒரு பங்கை உடைத்து அகற்றுவது சிறுநீரகம். அது சுணங்கினால் இன்சுலின் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். அவர் சீட்டில் இருந்த கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையும் அப்படித்தான் தேங்கும். ராத்திரியில் வியர்த்துக் கொட்டி லோ சுகர் ஆகிவிடும். கூடவே மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை. கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் எண் 45க்குக் கீழே போனால் இந்த மாத்திரையின் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே என்றால் நிறுத்தியே விடுவார்கள்.

"கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை, கிரியாட்டினின், எப்பய்யா பார்த்தீங்க?"

"யூரின் நல்லாத்தானே போகுது, அதெதுக்கு?"

கிட்னி பாதிக்கு மேல் கெட்ட பிறகும் சிறுநீர் நன்றாகவே போகும். அதைச் சொல்லி, கிரியாட்டினின், யூரின் அல்புமின் (சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்ப்பது) இரண்டையும் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்து, அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் வருவார்கள். மாத்திரையால்தான் கிட்னி போகிறது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். அது இன்னும் ஆபத்து. கட்டுப்படாத சர்க்கரையும் பிரஷரும்தான் கிட்னியை அரிக்கின்றன. டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை கிட்னி கெடுவதைத் தாமதப்படுத்துகிறது, சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிகளுக்கும்கூட, என்று 2020இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அதே ஆண்டு இந்தியாவில் அதன் காப்புரிமைகளில் ஒன்று முடிந்து, அதற்குப் பிறகு விலையும் நன்றாக இறங்கியது. ஆரம்பித்த புதிதில் கிரியாட்டினின் லேசாக ஏறலாம். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து, டாக்டரிடம் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாத நாட்களில் மட்டும் இதையும் மெட்ஃபார்மினையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். அதை யாரும் அவர்களிடம் சொல்லியிருப்பதில்லை.

அப்புறம், முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக், கிட்னியைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரை. கிட்னி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களும் உண்டு.