யானைக்கால் டெஸ்ட் ஏன் ராத்திரியில்?

கோத்தகிரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்க ராத்திரி வரச் சொன்னால், "இந்தக் குளிர்லயாம்மா?" என்பார்கள் தோட்டத்து அக்காக்கள். நியாயம்தான். ஆனால் இந்த நோயைத் தரும் உச்செரேரியா பான்கிராஃப்டி புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் பதுங்கிவிடும். க்யூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமான இரவு 10 முதல் 2 மணிக்குள்தான் தோல்பக்கம் ஏராளமாக வரும். மலையில் கொசு குறைவு என்று அலட்சியம் வேண்டாம். சமவெளியில் தொற்றிய புழு உடம்புக்குள் 6 முதல் 8 வருஷம்கூட உயிரோடிருக்கும்.

விரலில் குத்தி, ஸ்லைடில் தடிமனாகப் பூசி, காயவைத்து, ஜீம்சா சாயம் ஏற்றுவேன். மழைக்காலத்தில் இங்கே ஸ்லைடு லேசில் காயாது! லென்ஸுக்கடியில் குஞ்சு, ஊதா மணி கோத்த நூல் மாதிரி வளைந்து கிடக்கும். அந்த மணிகள்தான் உட்கரு. வால் நுனியில் உட்கரு இல்லையென்றால் பான்கிராஃப்டி. தள்ளித்தள்ளி இரண்டு இருந்தால், யானைக்கால் தரும் இன்னொரு புழுவான புரூஜியா மலாயி.

புழு ரத்தத்தில் விடும் பொருளைக் காட்டும் ஆன்டிஜென் பட்டையில் பகலிலேயே, 10 நிமிடத்தில் பான்கிராஃப்டியைக் கண்டுபிடிக்கலாம். புரூஜியா அதில் சிக்காது. கால் ஏற்கனவே வீங்கியவர்களுக்கு ஸ்லைடு பெரும்பாலும் சுத்தமாகத்தான் வரும். 'புழு இல்லை' என்ற ரிப்போர்ட்டை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். வீங்கிய காலை டாக்டரிடம் காட்டுங்கள்.