புள்ளி போன புலமைப்பரிசில்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு புத்தகக் கடை. அதன் இணையத்தளத்தை ஓய்வு நேரத்தில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, போகும்போதெல்லாம் பிளேன்டீ கிடைக்கும், புத்தகம் கழிவு விலையில் கிடைக்கும். தளம் ஓடுவது வேர்ட்பிரஸ் என்ற இணையத்தள மென்பொருளில். தரம் வாரியான புத்தகப் பட்டியல், மாதிரி வினாத்தாள் பட்டியல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கங்களுக்கான கியூஆர் கோட்டைப் புக்மார்க் அட்டையில் அச்சடித்து, வாங்குபவர்களுக்கெல்லாம் கடைக்கார அண்ணை கொடுத்துவந்தார்.

பிரச்சினை ஸ்டிக்கரில் தொடங்கியது. அதே கோட்டைச் சின்னதாக அடித்து, பையில் ஒட்ட வேண்டும் என்றார். அடித்துப் பார்த்தால் பாதி போன்கள் வாசிக்கவே இல்லை. எறும்புப் புற்று மாதிரி ஒரே புள்ளிக் கூட்டம். காரணம், பக்க முகவரிகளைத் தமிழிலேயே விட்டிருந்தேன். பிரவுசரில் தமிழ் முகவரி அழகாகத்தான் தெரியும். உள்ளே போகும்போது கதை வேறு. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 இடம் பிடிக்கும். ஆக, ஒரு குறிக்கு 9 இடம். ‘பு’ என்று நாம் ஒரே எழுத்தாகப் பார்ப்பது கணினிக்கு இரண்டு குறி, எனவே 18 இடம். இவ்வளவும் கோட்டுக்குள் அடைபட்டால் புற்று வராமல் என்ன செய்யும்?

சரி, எல்லாவற்றையும் குட்டி ஆங்கில முகவரியாக மாற்றிவிடலாம் என்று ஒரு ஞாயிறு மாலை உட்கார்ந்தேன். முதலில் ஒரு புத்தக அறிமுகப் பதிவின் முகவரியை மாற்றி, பழைய முகவரியைத் தட்டிப் பார்த்தேன். தானாகவே புதியதற்குப் போனது. வேர்ட்பிரஸ் பழைய முகவரியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று எங்கோ கேள்விப்பட்டதும் நினைவு வந்தது. அவ்வளவுதான், மளமளவென்று மிச்சம் எல்லாவற்றையும் மாற்றினேன். பிறகு காலிமுகத்திடலுக்குப் போய் இறால் வடை சாப்பிட்டேன்.

திங்கள் காலை அண்ணையின் அழைப்பு. “தம்பி, உந்தப் புலமைப்பரிசில் பட்டியல் எங்கை போட்டுது? மூண்டு தாய்மார் அட்டையோடை வந்து நிக்கினம்.”

அவர் கேட்டது தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் பட்டியலை. நான் சோதித்தது ஒரு பதிவை. பட்டியல்கள் எல்லாம் பக்கங்கள். முகவரி மாறினால் வேர்ட்பிரஸ் பழையதைக் குறித்துவைப்பது பதிவு போன்றவற்றுக்கு மட்டும்தான். தாய்ப் பக்கம், கிளைப் பக்கம் என்று அடுக்கப்படும் ‘பக்கம்’ என்ற வகைக்கு அந்த வசதி கிடையாது. இது தெரியாமல் ஒன்றைப் பார்த்து மற்றதை நம்பியது என் பிழை.

பதற்றத்தில் அடுத்த பிழையையும் செய்தேன். முகவரிகளைத் திருப்பிவிடும் ரீடிரெக்ஷன் என்ற பிளகினை (வேர்ட்பிரஸோடு சேரும் துணை நிரல்) நிறுவி, செத்த முகவரி எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன், அதுவும் 301 போட்டு. தாய்மாருக்கு ‘காணவில்லை’ என்பதற்குப் பதிலாகக் கடையின் முகப்பாவது தெரியட்டுமே என்ற எண்ணம். 301 என்றால் நிரந்தர மாற்றம், 302 என்றால் தற்காலிகம். நிரந்தரம் என்று ஒருமுறை சொன்னால் பிரவுசர் அதை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை சேர்வரைக் கேட்காமலே போய்விடும். பின்னேரம் நான் ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்குரிய பக்கத்துக்குத் திருப்பிய பிறகும் அண்ணையின் போன் முகப்புக்கே போய்க்கொண்டிருந்தது. அவருடைய பிரவுசரின் கேஷை, அதாவது அது சேமித்துவைத்த ஞாபகத்தை, துடைத்தபின்தான் அடங்கியது. கூகுளுக்கும் இப்படி எல்லாவற்றையும் முகப்பில் கொண்டுபோய்க் கொட்டுவது பிடிக்காது, அதை இல்லாத பக்கமாகவே கணக்கில் எடுக்கும். இப்போதெல்லாம் முதலில் 302 போட்டு, பழைய ஞாபகம் இல்லாத இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பார்த்து, எல்லாம் சரி என்றால்தான் 301 ஆக்குகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு அட்டை மட்டும் அடம்பிடித்தது, அதே புலமைப்பரிசில் அட்டை. பக்கத்தின் தலைப்பு ‘தரம் ஐந்து புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள்’. பழைய முகவரி என் கையில் இல்லை, மாற்றியபோதே போய்விட்டது. எனவே தலைப்பைப் பார்த்து, இடைவெளிகளில் கோடு போட்டு நானே எழுதினேன். திரும்பவில்லை. தரவுத்தளத்தில் முகவரிக்கு 200 இடம்தான், அதற்கு மேல் வெட்டுப்படும் என்று படித்ததும் ‘புலமைப்பரிசில்’ வரைக்கும் வெட்டிப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

கடைசியில் பிளகினின் 404 பதிவேட்டைத் திறந்தேன். கிடைக்காமல் போன முகவரிகள் எல்லாம் அதில் வரிசையாக விழும். பெரும்பாலானவை தளத்தின் பூட்டைத் திறக்கப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் தட்டியவை. அவற்றுக்கு நடுவே என் ஆள் இருந்தான்: ‘தரம்-ஐந்து-புலமைப்பரிசில’. லகரத்துக்கு மேல் புள்ளி இல்லை.

எண்ணிப் பார்த்தேன். ‘தரம்’ 4 குறி, 36 இடம். ‘ஐந்து’ 5 குறி, 45 இடம். நடுவில் கோடு இரண்டு. ஆகமொத்தம் 83. மிச்சம் 117 இடத்தில் 13 குறிதான் அடங்கும். ‘புலமைப்பரிசில்’ என்பதற்கோ 14 வேண்டும். பதினான்காவது குறி அந்தப் புள்ளி. கணக்காக 200-இல் கத்தி விழுந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் புள்ளி விட்டதற்குத் தமிழ் ஆசிரியரிடம் வாங்கிய குட்டு ஞாபகம் வந்தது. பதிவேட்டில் இருந்ததை அப்படியே நகலெடுத்து மூல முகவரியாகப் போட்டேன். உடனே திரும்பியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபேஸ்புக்கிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் பழைய இணைப்புகள் திறக்கவில்லை. ஃபேஸ்புக் இணைப்பின் வாலில் கேள்விக்குறி போட்டு ஒரு நீண்ட அடையாளத்தை ஒட்டிவிடும். பிளகின் வழக்கமாக வாலையும் சேர்த்துத்தான் ஒப்பிடும். வாலைப் பொருட்படுத்தாமல் அப்படியே கடத்திவிடும் தெரிவு அங்கேயே இருக்கிறது, அதைப் போட்டதும் தீர்ந்தது. பக்கங்களின் முகவரி மாறினால் தானாகவே திருப்பல் எழுதும் தெரிவும் அதே பிளகினில் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அது என் கண்ணில் பட்டிருந்தால் இவ்வளவு எழுத வேண்டி வந்திருக்காது.

ஸ்டிக்கர் இப்போது தபால் முத்திரை அளவில் அடித்தாலும் வாசிக்கிறது. பழைய அட்டை ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. எறிந்துவிடலாமா என்று கேட்டேன். “வேலை செய்யுதெல்லோ, பிறகேன் எறிவான்?” என்றார் அண்ணை. திருப்பல்களை ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அண்ணை இன்றைக்கும் அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். புள்ளியில்லாத அந்த வரியை நான் எப்போது அழிப்பது?