வூடன் கோச்சும் காலை தியானமும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், ஆண்கள் பிரிவில், ஜான் வூடனுடைய சாதனைக்குப் பக்கத்தில் வர இன்னும் ஒரு கோச் பிறக்கவில்லை. 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு சீசன், அதில் பத்து தேசிய சாம்பியன் பட்டம். 1967ல் தொடங்கி 1973 வரை வரிசையாக ஏழு. 1971 ஜனவரியிலிருந்து 1974 ஜனவரி வரை ஒரு தோல்விகூட இல்லாமல் 88 ஆட்டங்கள். எல்லாமே கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்காக. ஆனால் அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது இந்தக் கோப்பைகளுக்காக அல்ல. தினமும் வேதம் வாசித்த ஒரு மனிதர், அந்த வாசிப்பின் பொறுமையையே தன் வேலைக்கும் கொண்டுபோனார் என்பதற்காக.

இண்டியானாவில் ஒரு சின்னப் பண்ணையில் வளர்ந்தவர். மின்சாரம் கிடையாது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா ஜோஷுவா விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகளுக்கு வேதாகமமும் கவிதையும் வாசித்துக் காட்டுவாராம். வூடன் எட்டாம் வகுப்பு முடித்தபோது அப்பா ஒரு சீட்டில் ஏழு அறிவுரைகளை எழுதிக் கொடுத்தார். உனக்கு உண்மையாக இரு, மற்றவர்களுக்கு உதவி செய் என்று போகும் அதில், நல்ல புத்தகங்களை, முக்கியமாக வேதாகமத்தை, ஆழ்ந்து பருகு என்பதும் ஒன்று. வழிநடத்துதலுக்காக ஜெபம் பண்ணு, கிடைத்த ஆசீர்வாதங்களுக்குத் தினமும் நன்றி சொல் என்பது கடைசி. அந்தச் சீட்டு கிழிந்துபோகும் அளவுக்கு அதைத் தன் பர்ஸிலேயே வைத்திருந்தார். ஒரு பையனுக்கு அப்பா கொடுத்த காகிதம் அவனுடைய முழு வாழ்க்கைக்கும் போதுமானதாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

இனி சாக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், இதை விட்டுவிட்டு வூடனைப் பற்றி எழுதவே முடியாது.

சீசனின் முதல் நாள். நாட்டின் மிகச் சிறந்த இளம் ஆட்டக்காரர்கள், உயர்நிலைப் பள்ளியிலேயே பேர் வாங்கியவர்கள், எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். கோச் ஏதோ பெரிய ரகசியம் சொல்லப்போகிறார் என்று காத்திருக்கிறார்கள். அவர் சாக்ஸ் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்கிறார். விரல் பக்கம் இழுத்துவிடு, குதிகாலில் சுருக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார், இருந்தால் நீவிவிடு. அப்புறம் ஷூ. லேஸை மேலே மட்டும் இழுத்துக் கட்டாதே, கீழே ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் இறுக்கிக்கொண்டே வா, கடைசியில் இரட்டை முடிச்சுப் போடு. காரணத்தையும் சொல்வார்: சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி கெடும், பயிற்சி கெட்டால் ஆட்டம் கெடும். அவ்வளவுதான். பின்னால் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்த ஏழடி உயரப் பையனும் இதைக் கற்றுக்கொண்டான், பில் வால்டனும் கற்றுக்கொண்டான்.

“கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்” என்று லூக்கா 16ல் இயேசு சொன்னதை நாம் பணத்துக்கோ ஊழியத்துக்கோ பொருத்திப் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இந்த வசனம், காலையில் வேதம் வாசித்து ஜெபிக்கிற தியான வேளைக்கே பொருந்துகிறது. தியானத்தில் சாக்ஸ் சுருக்கத்தை நீவிவிடுவது எது? போனை வேறு அறையில் வைப்பது. நேற்று வாசித்த இடத்திலிருந்தே தொடர்வது. ஒரு அதிகாரத்தில் நமக்குப் பிடித்த ஒற்றை வசனத்துக்குத் தாவாமல், முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது, யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்ப்பது. இதில் எதுவுமே ஆவிக்குரிய பெரிய காரியமாகத் தெரியாது. ஆனால் இவற்றை விட்டுவிட்டுத்தான் பலரும், தியானத்தில் மனது ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று வருத்தப்படுகிறார்கள்.

வூடன் ஒவ்வொரு நாளும் காலையில் உதவி கோச்சுகளுடன் உட்கார்ந்து, அன்றைய பயிற்சியை நிமிஷக் கணக்கில் திட்டமிட்டு ஒரு சின்ன அட்டையில் எழுதிக்கொள்வார். சுமார் இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு ஏறக்குறைய அதே அளவு நேரம் திட்டமிடல். பழைய வருஷங்களின் குறிப்புகளையும் நோட்டில் பத்திரமாக வைத்திருந்து எடுத்துப் பார்ப்பார். முதல் பல வருஷங்கள் அவர்கள் பயிற்சி செய்தது ஒரு பழைய ஜிம்மின் மூன்றாவது மாடியில், பக்கத்திலேயே மல்யுத்தக்காரர்களும் ஜிம்னாஸ்டிக் செய்கிறவர்களும் இருப்பார்கள். பயிற்சிக்கு முன்னால் தரையைப் பெருக்கித் துடைக்கிற வேலையைக் கோச்சே இறங்கிச் செய்தார். யுசிஎல்ஏவில் 1948ல் சேர்ந்தவர், முதல் பட்டம் வாங்கியது 1964ல், பதினாறாவது சீசனில். பதினைந்து சீசன் பட்டம் இல்லாமல் தரையைத் துடைத்துக்கொண்டும் அட்டை எழுதிக்கொண்டும் இருந்திருக்கிறார். நாம் ஒரு மாதம் வேதம் வாசித்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்கிறோம்.

என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைத்தது வேறு ஒன்று. 1974-75, அவருடைய கடைசி சீசன். ரொனால்ட் கல்லிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் பயிற்சி நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து, கோச் வாயைத் திறந்து சொன்னதையெல்லாம் வகைபிரித்துக் குறித்துக்கொண்டார்கள். மொத்தம் 2,326 கற்பித்தல் செயல்கள். அதில் முக்கால்வாசி, என்ன செய்யவேண்டும், எப்படிச் செய்யவேண்டும் என்ற தகவல்தான். பாராட்டும் கம்மி, திட்டும் கம்மி. கையை இப்படி வை, பந்தை வாங்கும்போதே திரும்பு, இல்லை, அப்படி இல்லை, இப்படி, மறுபடி செய். உணர்ச்சி பொங்கும் உரைகள் அவரிடம் இல்லை.

இதை வாசித்ததும் எனக்கு 2 தீமோத்தேயு 3:16தான் நினைவுக்கு வந்தது. வேதவாக்கியங்களெல்லாம் “உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்குதலுக்கும்” பிரயோஜனமுள்ளவை என்கிறார் பவுல். சரியாக ஒரு பயிற்சி மைதானத்தில் நடக்கிற வேலை. சொல்லிக்கொடு, தவறைக் காட்டு, திருத்து, மறுபடி பழக்கு. ஆனால் இன்று தியானம் என்ற பெயரில் நம் கைக்கு வருவதில் பெரும்பகுதி தட்டிக்கொடுப்பது மட்டுமே. இன்று உனக்கு ஒரு திறந்த வாசல், இன்று உன் கண்ணீர் மாறும், கவலைப்படாதே. ஆறுதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, துக்கத்தில் இருக்கிறவனுக்குச் சங்கீதங்கள் கொடுக்கிற ஆறுதலை வேறு யார் கொடுக்க முடியும்? ஆனால் வருஷம் முழுக்கப் பாராட்டை மட்டுமே கேட்டு வளர்கிற ஆட்டக்காரன் எப்படி ஆடுவான் என்று யோசித்துப் பாருங்கள். வாக்குத்தத்த வசனங்களை மட்டும் பொறுக்கி எடுத்து வாசிக்கிறவருக்கு, ஆமோஸும் யாக்கோபும் எப்போது வந்து கையைப் பிடித்துத் திருத்துவார்கள்?

இப்படி வாசித்த வாசிப்பு வூடனிடம் எங்கே வெளிப்பட்டது என்று கேட்டால் நான் 1947ஐக் காட்டுவேன். அப்போது அவர் இண்டியானா ஸ்டேட் என்கிற சின்னக் கல்லூரியின் கோச். அணிக்கு ஒரு தேசியப் போட்டியிலிருந்து அழைப்பு வருகிறது. கறுப்பின ஆட்டக்காரர்களை அந்தப் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். அவருடைய அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற ஒரு கறுப்பின மாணவர் இருந்தார், நட்சத்திர ஆட்டக்காரர்கூட இல்லை, மாற்று ஆட்டக்காரர். வூடன் அழைப்பை மறுத்துவிட்டார். அடுத்த வருஷம் அந்த விதி நீக்கப்பட்டது, அணி போனது, அந்தப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் வாக்கர். இன்னும் பெயர் எடுக்காத இளம் கோச்சுக்குத் தேசியப் போட்டியை விடுவது சாதாரண விஷயம் இல்லை. ஒரு பையனை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது என்று அவருக்குத் தோன்றியதே, அதைத்தான் நான் தியானத்தின் கனி என்பேன்.

இன்னொன்று அவருடைய மனைவி நெல் இறந்த பிறகு நடந்தது. 1985 மார்ச் 21ல் அவர் மறைந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் 21ம் தேதி வூடன் அவருக்கு ஒரு காதல் கடிதம் எழுதி, படுக்கையில் அவருடைய தலையணை மேல் வைப்பார். கண் பார்வை மங்கும்வரை வருஷக்கணக்கில் இது நடந்தது. ஒழுங்கு, அட்டவணை, தேதி என்றாலே அன்பு வறண்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். தேதி வைத்து எழுதினார், ஆனாலும் அது காதல் கடிதம்தான். தேதி இருந்ததால்தான் அந்தக் காதல் ஒரு மாதம்கூட வாய் மூடவில்லை.

எல்லாவற்றிலும் நான் வூடனோடு ஒத்துப்போகிறேனா? இல்லை. வெற்றிக்கு வேண்டிய குணங்களை அவர் ‘வெற்றிக் கோபுரம்’ என்று பதினைந்து கட்டங்களாக வரைந்தார், கடின உழைப்பும் உற்சாகமும் அடித்தள மூலைகள், உச்சிக் கட்டம் போட்டிக்கேற்ற மேன்மை, அதற்கும் மேலே விசுவாசமும் பொறுமையும். அது எனக்குப் பிடிக்கும். ஆனால் வெற்றிக்கு அவர் கொடுத்த விளக்கம், நம்மால் முடிந்த அளவு சிறந்தவராக முழு முயற்சி எடுத்தோம் என்று அறிவதால் வருகிற மனசமாதானம் என்பது, அது எனக்குப் போதவில்லை. விளையாட்டுக்கு அருமையான விளக்கம். ஸ்கோர் போர்டைப் பார்க்காதே என்று பையன்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது. ஆனால் ராத்திரி படுக்கும்போது, இன்று முடிந்ததையெல்லாம் செய்தேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறவர் யார்? பவுல் தன் பழைய தகுதிகளையெல்லாம் பிலிப்பியர் 3ல் வரிசையாக அடுக்கிவிட்டு, அத்தனையையும் குப்பை என்று தள்ளுகிறார். சமாதானம் நம் முயற்சியிலிருந்து வந்தால், முயற்சி தோற்கிற நாளில் அதுவும் போய்விடும். வூடனுக்கே இது தெரிந்திருந்தது என்றுதான் நம்புகிறேன், கூடைப்பந்து வாழ்க்கையின் முடிவான காரியம் அல்ல என்றும், இரட்சகரை நம்பியிருக்கிற வாழ்க்கையே வெல்கிற வாழ்க்கை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய யுசிஎல்ஏ காலத்துக்கு ஒரு நிழலும் உண்டு. ஒரு பணக்கார ஆதரவாளர் ஆட்டக்காரர்களுக்கு விதிகளை மீறிச் சலுகைகள் செய்துவந்தார், வூடன் ஓய்வு பெற்ற பிறகு 1981ல் அணிக்குத் தண்டனை வந்தது, அவர் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. மரியாதை குறையவில்லை. ஆனால் அவரும் கிருபை தேவைப்பட்ட மனிதர்தான்.

கிருபை என்றதும் பீட் மாராவிச் என்ற இன்னொரு கூடைப்பந்து ஆட்டக்காரரைச் சொல்லாமல் இருக்க முடியாது. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக மூன்றே சீசனில் 3,667 புள்ளிகள், ஆட்டத்துக்குச் சராசரி 44.2. அப்போது தூரத்திலிருந்து போடுகிற பந்துக்கு மூன்று புள்ளி தரும் வட்டமே கிடையாது, முதலாம் ஆண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடவும் முடியாது. அவர் கல்லூரியை முடித்தது 1970ல். 2023ல் ஒருவர் ஐந்து சீசன் ஆடி 3,664ல் நின்றார், மூன்று புள்ளி குறைவு. இவ்வளவு பெரிய சாதனையைக் கையில் வைத்துக்கொண்டு மாராவிச் நிம்மதி இல்லாமல் அலைந்தார், குடித்தார், ஏதேதோ வழிகளில் தேடினார். 1980ல் ஆட்டத்தை விட்டார். 1982ல் ஒரு இரவு, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது தேவனிடம் மன்னிப்புக் கேட்டு அழுதார், மீதி வாழ்க்கை முழுவதும் அதைத்தான் பேசினார். தன்னைக் கூடைப்பந்து ஆட்டக்காரனாக அல்ல, கிறிஸ்தவனாக நினைவுகூர வேண்டும் என்று சொன்னவர், 1988 ஜனவரி 5ம் தேதி ஒரு சபையின் ஜிம்மில் நண்பர்களோடு சும்மா ஆடிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். வயது 40. இதயத்துக்குப் போகவேண்டிய முக்கிய ரத்தக்குழாய்களில் ஒன்று பிறவியிலேயே அவருக்கு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த இருவரையும் பக்கத்தில் வைத்து 1 கொரிந்தியர் 9ஐ வாசித்தேன். பந்தயத்திற்குப் போராடுகிறவர்கள் “அழிவுள்ள கிரீடத்தைப் பெறும்படிக்கு அப்படிச் செய்கிறார்கள், நாமோ அழிவில்லாத கிரீடத்தைப் பெறும்படிக்கு அப்படிச் செய்கிறோம்.” பவுல் விளையாட்டு வீரனின் ஒழுங்கைக் கேலி செய்யவில்லை, அதே ஒழுங்கை இன்னொரு கிரீடத்துக்காகக் கேட்கிறார். மாராவிச்சுக்குக் கிரீடம் மாறவேண்டியிருந்தது. நம்மில் பலருக்குக் கிரீடம் எது என்று தெரியும், பயிற்சிதான் இல்லை.

இப்போது யாக்கோபு நிருபத்தில் இருக்கிறேன். ஐந்தே அதிகாரம், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம், ஆனால் மெதுவாகத்தான் போகிறேன். காலையில் ஒரு பகுதி. அதில் எனக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது, எங்கே திருத்துகிறது என்று ஒரு சின்ன அட்டையில் ஒரு வரி. அன்றைக்கு யாரிடம் அதைச் செய்துபார்க்க வேண்டும் என்று இன்னொரு வரி. மறுநாள் புதிய பகுதிக்குப் போகுமுன் அந்த அட்டையை ஒருமுறை பார்ப்பேன், சரியாக வரவில்லை என்றால் அதே பகுதி மறுபடி. “கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்” என்கிற முதல் அதிகாரத்து வசனத்தைத் தாண்ட இன்னும் மனது வரவில்லை, இந்த வாரமும் அதுதான்.