ஜியோட் எல்எக்ஸ் 800 செயலியில் வைன்: செய்து பார்த்த அனுபவம்

பழைய தின் கிளையன்ட் (சர்வரைச் சார்ந்து இயங்கும் சிறு கணினி) பெட்டி ஒன்று சென்ற மாதம் என் கைக்கு வந்தது. ஏஎம்டியின் ஜியோட் எல்எக்ஸ் 800 செயலி, 500 மெகாஹெர்ட்ஸ் வேகம், 256 எம்பி நினைவகம், விசிறியே கிடையாது. 2001-இல் விஷுவல் பேசிக் 6-இல் எழுதப்பட்ட பில் போடும் நிரல் ஒன்றை, விண்டோஸ் இல்லாமல், லினக்ஸில் வைன் என்னும் மென்பொருள் வழியாக இந்தப் பெட்டியில் ஓட்டிவிட முடியுமா என்று பார்க்க விரும்பினேன்.

வைன் ஓர் எமுலேட்டர் (வேறொரு கணினியையே மென்பொருளால் போலச்செய்யும் நிரல்) அன்று. விண்டோஸ் நிரல் கேட்கும் சேவைகளை லினக்ஸ் சேவைகளாக அது மாற்றித் தருகிறதே தவிர, நிரலின் இயந்திர ஆணைகளைத் தொடுவதில்லை. அவை நேராகச் செயலிக்கே போகின்றன. இதனால் வேக இழப்பு அதிகம் இல்லை. ஆனால், செயலிக்குத் தெரியாத ஓர் ஆணை நிரலில் இருந்துவிட்டால் வைனால் ஒன்றும் செய்ய இயலாது.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் காட்டும் விவரத்தில் இச்செயலியின் குடும்ப எண் 5. சிமூவ், எம்எம்எக்ஸ், 3டிநவ் ஆகிய கூடுதல் ஆணைகள் உண்டு. எஸ்எஸ்இ, எஸ்எஸ்இ2 என்னும் ஆணைத் தொகுதிகள் இரண்டும் இல்லை. 'நாப்எல்' என்னும் நீண்ட வெற்று ஆணையும் இல்லை. 2023-இல் வந்த டெபியன் 12 என்னும் லினக்ஸ் பதிப்பு இந்த ஆணையைக் கட்டாயமாக்கியது. ஜியோட் இனி இயங்காது என்பதை அதன் வெளியீட்டுக் குறிப்பு பெயர் சொல்லியே அறிவித்திருக்கிறது. எதையும் செய்யாமல் இடத்தை நிரப்புவதற்கென்றே உள்ள ஓர் ஆணைக்காக, நன்றாக ஓடும் செயலி ஒன்று வெளியே நிற்க நேர்ந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. ஆகவே டெபியன் 11-ஐயும் அதிலுள்ள வைன் 5.0.3-ஐயும் நிறுவினேன்.

வைன் தன் சி டிரைவ் கோப்புறையை முதன்முறை உருவாக்கி முடிக்க ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் ஆயின. டாட்நெட் நிரல்களுக்கான மோனோவும் வலைப்பக்கம் காட்டும் கெக்கோவும் இந்த நிரலுக்குத் தேவையில்லை என்பதால் இரண்டையும் முடக்கினேன். பிழைச் செய்திப் பதிவையும் நிறுத்தினேன். காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையில் ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பயன்படும் மாற்று இடம்) வைத்தபோது பெட்டி திணறியது. அதை நீக்கிவிட்டு நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும் சீராம் முறைக்கு மாறிய பின்னரே நிலைமை சீரானது. நிரல் ஓடத் தேவையான விஷுவல் பேசிக் இயக்கக் கோப்பையும் சேர்த்த பிறகு பில் நிரல் முதல்முறை 22 வினாடிகளிலும் மறுமுறை 9 வினாடிகளிலும் திறந்தது. தட்டச்சில் தாமதம் தெரியவில்லை.

அதனுடன் சேர்ந்து இயங்க வேண்டிய பிடிஎஃப் உருவாக்கும் கருவிதான் இரண்டு மாலைகளை எடுத்துக்கொண்டது. திறந்தவுடனே 0எக்ஸ்சி000001டி என்ற பிழை எண்ணுடன் அது நின்றுவிடும். செயலி அறியாத ஆணை என்பது அதன் பொருள். நினைவகப் பற்றாக்குறை என்றே முதலில் எண்ணி, வேறு நிரல்களையெல்லாம் மூடிவிட்டு முயன்றேன். பின்பு வைனின் பிழைதிருத்தியில் நின்ற இடத்தைப் பார்த்தபோது, எஸ்எஸ்இ2 பதிவகத்தை (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) பயன்படுத்தும் ஆணை ஒன்று அங்கே இருந்தது. மூல நிரலை இயந்திர ஆணைகளாக மாற்றித் தரும் தொகுப்பியான விஷுவல் சி++-இல், 2012 பதிப்பு முதல் 32 பிட் நிரல்களுக்கும் எஸ்எஸ்இ2 இயல்பான தெரிவாகிவிட்டது. தொகுப்பவர் தாமாக மாற்றினாலன்றி, எவ்வளவு சிறிய கருவியிலும் அந்த ஆணைகள் புகுந்துவிடும். அதே கருவியின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பைத் தேடி எடுத்துப் போட்டேன், தடையின்றி ஓடியது. இத்தகைய செயலிகளில் ஒரு நிரல் ஓடுமா என்பதை, அது கேட்கும் விண்டோஸ் பதிப்பைக் காட்டிலும் அது தொகுக்கப்பட்ட ஆண்டே தெளிவாகக் காட்டுகிறது என்று இப்போது கருதுகிறேன்.

சரக்குப் பட்டியலை மாற்றித் தரும் சிறு கருவி ஒன்றை நானே சி மொழியில் எழுதியிருந்தேன். ஜிசிசி தொகுப்பியில் ஜியோட் செயலிக்கென்றே தனித் தெரிவு இருப்பதால், அதைக் கொண்டு மீண்டும் தொகுத்தேன், அதுவும் ஓடுகிறது. இனி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை இணைத்து, வைனின் எல்பிடி1 என்னும் பிரிண்டர் இணைப்பு வழியாக ஒரு பில்லை அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.